மலிவான ஆக்சைடு, குறைவான யூனிட்: நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கிகள்

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஒன்பது லிட்டர் தண்ணீர் போதும். செலவு தண்ணீரில் இல்லை, கரன்டில் இருக்கிறது. தண்ணீருக்குள் இரண்டு மின்வாய்களை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்சிஜனும் குமிழி விடும் என்பது பள்ளியில் படித்ததுதான். வோல்டா தன் மின்கலத்தைப் பற்றி எழுதிய கடிதம் 1800-இல் லண்டனுக்கு வந்த கையோடு, நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். இரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. தண்ணீரைப் பிரித்து எடுப்பது ஒரு சதவீதம்கூட இல்லை. ஏன் என்று கேட்டால், பதில் கரன்ட் பில்லில் கிடைக்கும்.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை எலெக்ட்ரான்கள் பாய வேண்டும் என்பது மாறாத எண். அதில் பேரம் பேச இடமில்லை. பேரம் பேச முடிவது வோல்டேஜில் மட்டும். அந்த எலெக்ட்ரான்களை ஒவ்வொரு வோல்ட் உயரத்துக்குத் தள்ளவும் சுமார் 26.6 யூனிட் மின்சாரம் தேவை. தண்ணீர் பிரிவதற்குக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். வினைக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே கொடுக்க வேண்டும் என்றால் 1.48 வோல்ட். ஆனால் ஆலைகளில் உண்மையில் ஓடுவது 1.8 முதல் 2 வோல்ட் வரை. இரண்டு வோல்ட் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 53 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் மின்சாரத்துக்கு மட்டுமே 265 ரூபாய் ஆகிறது.

இதில் 0.1 வோல்ட் குறைத்தால் என்ன கிடைக்கும்? கிலோவுக்கு 2.66 யூனிட். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஒரு மெகாவாட் எலெக்ட்ரோலைசர், அதாவது தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம், மணிக்கு 19 கிலோ போல ஹைட்ரஜன் தரும். வருடத்தில் 8,000 மணி நேரம் ஓடினால் 150 டன். அப்போது அந்த 0.1 வோல்ட் நான்கு லட்சம் யூனிட்டாக, அதாவது 20 லட்சம் ரூபாயாக மாறிவிடுகிறது. ஒரு வருடத்துக்கு, ஒரு மெகாவாட்டுக்கு.

இந்த 0.1 வோல்ட்டுகளைத்தான் வினையூக்கி மிச்சம் பிடிக்கிறது. 1.23-க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் கூடுதல் வோல்டேஜை மிகை மின்னழுத்தம் என்பார்கள். அதைக் குறைப்பதுதான் மின்வாயின் மேல் பூசப்படும் வினையூக்கியின் வேலை. அது தான் செலவாவதில்லை. வினைக்குச் சுலபமான வழி ஒன்றைத் திறந்துவிடுகிறது.

இரிடியம் விலை அல்ல, இரிடியம் அளவு

இன்றைக்குச் சந்தையில் இருக்கும் எலெக்ட்ரோலைசர்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓடும் பழைய கார வகை. இது புதிதே அல்ல. பக்ரா அணையின் மின்சாரத்தை வைத்து 1960-களில் பஞ்சாபின் நங்கல் உர ஆலையில் இப்படித்தான் ஹைட்ரஜன் எடுத்தார்கள். மின்சாரம் மலிவாகக் கிடைத்த இடத்தில் அந்தக் காலத்திலேயே அது ஓடியது. இரண்டாவது, புரோட்டான்களைக் கடத்தும் பாலிமர் சவ்வை வைத்து ஓடும் வகை. கச்சிதமானது, வேகமானது, சூரிய மின்சாரம் ஏறி இறங்கினாலும் ஈடுகொடுக்கும். ஆனால் அந்தச் சவ்வின் சூழல் கடும் அமிலம். அமிலமும், ஆக்சிஜன் வெளிவரும் அளவுக்கான மின்னழுத்தமும் சேர்ந்தால் இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் கரைந்து போய்விடும். அதைத் தாங்கிக்கொண்டு வேலையும் செய்வது, பிளாட்டினம் இனத்து அரிய உலோகமான இரிடியத்தின் ஆக்சைடுதான்.

இரிடியம் கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. இதைச் சொன்னதும் "அதனால்தான் மலிவான மாற்று தேடுகிறார்கள்" என்று பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரு மெகாவாட் இயந்திரத்துக்குச் சுமார் 400 கிராம் இரிடியம் போகிறது. நாற்பது, ஐம்பது லட்ச ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் முன்னே பார்த்த மின்சாரக் கணக்கோடு ஒப்பிட்டால் தாங்க முடியாத தொகை அல்ல. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு வெட்டி எடுக்கப்படும் இரிடியமே ஏழு, எட்டு டன்தான். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் எடுக்கும்போது உபரியாகக் கிடைப்பது. தேவை கூடிவிட்டது என்பதற்காக இரிடியத்துக்கென்று தனியே சுரங்கம் தோண்ட முடியாது.

2023 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்திருக்கிறது. வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினாலும் அதற்கு 33 ஜிகாவாட் எலெக்ட்ரோலைசர்கள் வேண்டும். அத்தனையும் அமில வகையாக இருந்தால் 13 டன் இரிடியம் தேவை. உலகின் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு உற்பத்தி முழுவதையும் இந்தியா ஒன்றே வாங்கிப் பூட்டிவைக்க வேண்டியிருக்கும். நடக்கிற காரியமா?

ஆக, "மலிவான வினையூக்கி" என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த உலோகம் டன் கணக்கில் கிடைக்க வேண்டும். அதோடு, ஓடும் ஆண்டுகள் முழுக்க யூனிட்டை மிச்சம் பிடிக்கவும் வேண்டும். உலோகம் சல்லிசாகக் கிடைத்து, வோல்டேஜை 0.2 கூடுதலாகத் தின்றால் அது மலிவே அல்ல.

சிக்கல் ஆக்சிஜன் பக்கம்

நமக்கு வேண்டியது ஹைட்ரஜன். ஆனால் தலைவலி முழுக்க ஆக்சிஜன் வரும் நேர்மின்வாயில். ஹைட்ரஜன் பக்கம் வேலை எளிது: இரண்டு எலெக்ட்ரான்கள், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர வேண்டும், அவ்வளவுதான். பிளாட்டினம் அதை அநாயாசமாகச் செய்யும்; காரக் கரைசலில் நிக்கல்-மாலிப்டினம் கலவைகளும் நன்றாகவே செய்கின்றன. ஆக்சிஜன் பக்கம் ஒரே மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும், நான்கு ஹைட்ரஜன்களைக் கழற்ற வேண்டும், இரண்டு ஆக்சிஜன்களை இணைக்க வேண்டும்.

இது ஒரே மூச்சில் நடப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறு முதலில் ஒரு ஹைட்ரஜனை இழந்து ஓ-எச் துண்டாக உலோக அணுவின் மேல் ஒட்டுகிறது. அப்புறம் மிச்சமிருக்கும் ஹைட்ரஜனையும் இழந்து வெறும் ஆக்சிஜன் அணுவாக நிற்கிறது. அதன் மேல் இன்னொரு தண்ணீர் வந்து சேர்ந்து ஓ-ஓ-எச் ஆகிறது. கடைசி ஹைட்ரஜனும் போனதும் ஆக்சிஜன் மூலக்கூறாகக் கழன்று குமிழியில் சேர்கிறது.

வினையூக்கியின் மேற்பரப்பு டீக்கடை பெஞ்ச் மாதிரி. யாரும் உட்காராத பெஞ்சால் வியாபாரம் இல்லை. உட்கார்ந்தவர் எழுந்திருக்காவிட்டாலும் வியாபாரம் இல்லை. உலோகம் ஆக்சிஜனை மிகப் பலவீனமாகப் பிடித்தால் முதல் படியே நடக்காது; மிக இறுக்கமாகப் பிடித்தால் கடைசிப் படி நடக்காது. பிரெஞ்சு வேதியியலாளர் சபாட்டியே நூறாண்டுக்கு முன் சொன்ன கொள்கை இது. பல ஆக்சைடுகளின் பிடிப்பு வலிமையை ஓர் அச்சிலும் அவற்றின் வேகத்தை இன்னோர் அச்சிலும் குறித்தால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் மலை வடிவம் வரும். உச்சிக்குப் பக்கத்தில் இருப்பவைதான் நல்ல வினையூக்கிகள்.

அந்த உச்சிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் சுவாரசியமான தொல்லை. மேலே சொன்ன நான்கு படிகளும் சமமாக 1.23 வோல்ட் வீதம் பங்கு போட்டுக்கொண்டால் மிகை மின்னழுத்தமே தேவையில்லை. ஆனால் ஓ-எச் துண்டும் ஓ-ஓ-எச் துண்டும் மேற்பரப்பில் ஒட்டுவது ஒரே மாதிரியான ஆக்சிஜன் பிணைப்பால். ஒன்றின் பிடிப்பை மாற்றினால் மற்றதும் கூடவே மாறுகிறது. டென்மார்க்கின் ரோஸ்மைஸ்ல், நோர்ஸ்கோவ் போன்றோர் கணினியில் பல உலோகங்களையும் ஆக்சைடுகளையும் கணக்கிட்டுப் பார்த்தபோது, இந்த இரண்டுக்கும் நடுவிலான ஆற்றல் இடைவெளி எங்கே பார்த்தாலும் 3.2 எலெக்ட்ரான் வோல்ட் அருகிலேயே நின்றது. இருக்க வேண்டியது இரண்டு படிகளுக்கு 1.23 வீதம் 2.46. நடுவில் இருப்பது இரண்டு படிகள்; 3.2-ஐச் சரிபாதியாகப் பிரித்தாலும் ஆளுக்கு 1.6. அதிலிருந்து 1.23-ஐக் கழித்தால் 0.37 வோல்ட். எளிமைப்படுத்திய கணக்கு இது. கறாரான எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆக்சிஜன் பக்கம் சில நூறு மில்லிவோல்ட்டை எல்லோரும் ஏன் இழக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே வகை உலோக அணுவை வைத்துக்கொண்டு இந்தக் கட்டிலிருந்து தப்புவது கடினம். இரண்டு வகை அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வழி பிறக்கலாம். கலப்பு ஆக்சைடுகளின் மேல் இத்தனை ஆர்வம் வந்ததற்கு இது ஒரு காரணம்.

அழுக்காக வந்த இரும்பு

கார எலெக்ட்ரோலைசர்களில் நிக்கல் நெடுங்காலமாகப் பழக்கமானது. நேர்மின்வாயாக வைத்ததும் அதன் மேற்பரப்பு தானாகவே ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறிக்கொள்ளும். "நிக்கல் ஆக்சைடு நல்ல வினையூக்கி" என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. அது எவ்வளவு தூரம் உண்மை என்பது பின்னால்தான் தெரிந்தது.

நிக்கல் மின்வாய் உள்ள பேட்டரிகளைச் செய்பவர்களுக்கு ஒரு பழைய புகார் உண்டு: துளி இரும்பு கலந்துவிட்டால் சார்ஜ் ஏற்றும்போது ஆக்சிஜன் குமிழி கிளம்பி மின்சாரம் வீணாகிறது. அவர்களுக்கு இரும்பு ஒரு விஷம். 1987-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் டென்னிஸ் காரிகன் இதையே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஆக்சிஜன் சுலபமாக வருவது பேட்டரிக்குக் கேடு என்றால், தண்ணீரைப் பிரிப்பவனுக்கு அதுதானே வேண்டும்? நிக்கல் ஆக்சைடு மென்படலத்தில் மிகச் சிறிதளவு இரும்பு சேர்ந்தாலே ஆக்சிஜன் வினையின் வேகம் கிடுகிடுவென்று கூடுவதை அவர் காட்டினார்.

அந்தக் கட்டுரை பல ஆண்டுகள் பெரிய சத்தமின்றி இருந்தது. 2014-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் போட்சரின் குழு அதன் முழு அர்த்தத்தை வெளியே கொண்டுவந்தது. ஆய்வகங்களில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். கரைசலாக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; யாரும் சட்டை செய்யாத அளவு. நிக்கல் ஹைட்ராக்சைடு அந்த இரும்பைத் தேடிப் பிடித்துத் தன் அடுக்குகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் நிக்கல் மின்வாய் நாளாக நாளாக "மேம்பட்டு" வந்தது. அது நிக்கலின் முதுமைக் குணம் என்று நம்பியிருந்தார்கள். கரைசலிலிருந்து இரும்பை முழுவதும் எடுத்துவிட்டுச் சோதித்தபோது சுத்தமான நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு (மின்வாய் ஓடும்போது நிக்கல் எடுக்கும் வடிவம்) ஆக்சிஜன் வினைக்கு மட்டமானது என்று தெரியவந்தது. பல்லாண்டுகளாக நிக்கல் வாங்கிய நல்ல பெயரில் பெரும்பங்கு இரும்புக்குச் சேர வேண்டியது.

அந்தச் சுத்திகரிப்பு முறையும் அழகானது. மிகத் தூய நிக்கல் உப்பிலிருந்து நிக்கல் ஹைட்ராக்சைடைப் படியவைத்து, அந்தப் பச்சைப் படிவைக் காரக் கரைசலில் போட்டுக் குலுக்குவார்கள். இரும்பைப் படிவு உறிஞ்சிக்கொள்ளும். மேலே தெளிந்ததை இறுத்து எடுத்தால் இரும்பற்ற கரைசல் தயார். எல்லாமே பிளாஸ்டிக் குழாய்களில். கண்ணாடியில் வைத்தால் காரம் கண்ணாடியையே அரித்து அதிலிருக்கும் அசுத்தங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடும்.

இரும்பு அங்கே என்னதான் செய்கிறது? படலத்தின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. ஆனால் வேகம் கூடுவதை அது மட்டும் விளக்கிவிடாது. வினை நடக்கும் இருக்கை இரும்பணுவா, இரும்பால் குணம் மாறிய நிக்கலா, இரண்டும் சந்திக்கும் ஓரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரும்பு பக்கம் சான்றுகள் அதிகம் குவிந்திருக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் நிக்கலை எடுத்துவிட்டு இரும்பு ஆக்சைடை மட்டும் தடிமனாகப் பூசினால் வேலைக்கு ஆகாது. அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நிக்கலின் அடுக்குக்குள், பத்துக்கு இரண்டு மூன்று பங்கு என்ற அளவில் பரவியிருக்கும் இரும்புதான் உச்சம்.

2020-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மின்வாய் ஓடும்போது இரும்பு ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. கரைசலுக்குள் கரைந்து போய், மீண்டும் வந்து மேற்பரப்பில் ஒட்டுகிறது. கரைசலில் துளி இரும்பு இருந்தால் போவதும் வருவதும் சமமாகி வேகம் நிலைக்கிறது. கரைசலைச் சுத்தமாக வைத்தால் போவது மட்டும் நடந்து வினையூக்கி மெல்ல மெல்ல மங்குகிறது. ஒரு காலத்தில் அழுக்கு என்று வடிகட்டியதை இப்போது வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மின்வாய் செய்வது எப்படி

நிக்கல்-இரும்பு வினையூக்கி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த விஷயம் பிடிபடும். சாம்பல் நிறத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில், பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக ஒரு உலோகத் தகடு கிடைக்கும். நிக்கல் ஃபோம் என்பார்கள். அதைச் சின்னத் துண்டாக வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போக அசிட்டோனிலும், மேலே படிந்த பழைய ஆக்சைடு போக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கழுவ வேண்டும். அப்புறம் நிக்கல் நைட்ரேட், இரும்பு நைட்ரேட், யூரியா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, ஃபோம் துண்டையும் உள்ளே போட்டு, டெஃப்லான் உறை போட்ட எஃகு ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் கலம்) மூடி 120 டிகிரி அடுப்பில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவார்கள்.

யூரியா எதற்கு? இங்கேதான் வடிவமைப்பின் சூட்சுமம். நேரடியாகச் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றினால் இரும்பு முந்திக்கொண்டு படிந்துவிடும். கரைசல் இன்னும் அமிலமாக இருக்கும்போதே அது ஹைட்ராக்சைடாகிவிடும். நிக்கலோ கரைசல் நடுநிலைக்கு வந்த பிறகுதான் படியும். விளைவு, ஒரு பக்கம் இரும்புத் துரு, இன்னொரு பக்கம் நிக்கல் ஹைட்ராக்சைடு என்று பிரிந்து கிடக்கும். கலந்த பொருள் கிடைக்காது. யூரியா சூட்டில் மெல்லச் சிதைந்து, கரைசல் முழுக்க ஒரே சீராக அம்மோனியாவை விடுகிறது. காரத்தன்மை எல்லா இடத்திலும் ஒன்றுபோல, நிதானமாக ஏறுகிறது. அதனால் இரண்டு உலோகங்களும் ஒரே அடுக்குக்குள் கலந்து மெல்லிய தகடுகளாக, ஃபோமின் மேல் நெருக்கமாக வளர்கின்றன. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். தங்கமோ இரிடியமோ எங்கேயும் இல்லை.

காலையில் எடுத்துப் பார்த்தால் துண்டு மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். இரும்பு சேர்க்காவிட்டால் வெளிர் பச்சை மட்டும். இதை மஃபிள் ஃபர்னஸ் என்ற மின்உலையில் 300, 400 டிகிரியில் சுட்டால் தண்ணீர் வெளியேறி நிக்கல் ஆக்சைடும், இரும்பும் நிக்கலும் சேர்ந்த, ஸ்பினெல் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடும் கிடைக்கும். சூடு கூடக்கூடப் படிகம் ஒழுங்காகும், ஒட்டுதல் பலப்படும். ஆனால் நுண்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மேற்பரப்பு சுருங்கும். எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு ஆய்வகத்தின் கைப்பக்குவம்.

சோதனையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கி வோல்டேஜை மெல்ல ஏற்றுவார்கள். 1.4 வோல்ட் நெருங்கும்போது பச்சை மறைந்து துண்டு கறுப்பாகும். நிக்கல் எலெக்ட்ரானை இழந்து மேல்நிலை ஆக்சிஹைட்ராக்சைடாக மாறியதன் அடையாளம் அது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். அதற்குப் பிறகுதான் உண்மையான குமிழிகள். புதிதாக வரும் மாணவர்கள் இந்த மேட்டையே ஆக்சிஜன் மின்னோட்டம் என்று எண்ணி மிகக் குறைந்த மிகை மின்னழுத்தத்தை எழுதிவிடுவது வாடிக்கை. அச்சேறிய கட்டுரைகளிலும் இது நுழைந்திருக்கிறது.

நல்ல நிக்கல்-இரும்பு மின்வாய் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரை 250 மில்லிவோல்ட் போன்ற மிகை மின்னழுத்தத்தில் தந்துவிடும். காரக் கரைசலில் இரிடியம் ஆக்சைடையே பின்தள்ளும் எண் இது.

ஓடும்போது மாறிப்போகும் பொருள்

படிக அமைப்பைப் பார்த்தே நல்ல வினையூக்கியைச் சொல்ல முடியுமா? 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜின் சுந்திவிச், யாங் ஷாவ்-ஹார்ன் குழு முடியும் என்று காட்டியது. பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடுகளில், ஆக்சிஜனை நேருக்கு நேர் நோக்கும் உலோகச் சுற்றுப்பாதைகளில் சுமார் ஓர் எலெக்ட்ரான் இருந்தால் பிடிப்பு சரியாக அமையும் என்பது அவர்களின் விதி. அதை வைத்துப் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு நான்கும் சேர்ந்த ஓர் ஆக்சைடைக் கைகாட்டினார்கள். அது அபாரமாக வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு உலோகங்களைக் கலந்து பார்ப்பதிலிருந்து, எலெக்ட்ரானை எண்ணித் தேர்ந்தெடுப்பதற்கு நகர்ந்த பெரிய அடி அது.

ஆனால் அடுத்த ஆண்டே அதே குழுவினர், அந்த ஆக்சைடின் மேற்பரப்பு ஓட்டத்தின்போது படிக ஒழுங்கை இழந்து குழைந்துபோவதையும் பதிவு செய்தார்கள். பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கரைந்து வெளியேற, மேலே நிற்பது வேறு பொருள். இது அந்த ஒன்றுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகள் பலவும், சல்ஃபைடு, பாஸ்ஃபைடு என்று விற்கப்படும் பல புது வினையூக்கிகளும் காரக் கரைசலில் நேர்மின்வாயாக ஓடியதும் மேலே ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிவிடுகின்றன. நாம் உலையில் சுட்டு எடுத்தது மூலப்பொருள்தான். வேலை செய்யும் வினையூக்கி கரைசலுக்குள் பிறக்கிறது. எனவே வடிவமைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி "இது என்ன?" என்பதைவிட "ஓடும்போது இது என்னவாகும்?" என்பது.

எம்.ஐ.டி.யிலேயே 2008-இல் கானன், நோசெரா இருவரும் இதைச் சாதகமாக்கினார்கள். கோபால்ட் உப்பும் பாஸ்ஃபேட்டும் கரைந்த நடுநிலை நீரில் மின்சாரம் பாய்ச்சியதும் கோபால்ட் ஆக்சைடு தானே மின்வாயில் படிந்தது. ஓட்டத்தில் கரைந்துபோகும் கோபால்ட் திரும்பவும் படிந்து தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டது. இலைகளிலும் கதை இதேதான். ஒவ்வொரு பச்சை இலைக்குள்ளும் தண்ணீரைப் பிரிப்பது நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் ஐந்து ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு குட்டி ஆக்சைடுக் கொத்து. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அணு அமைப்பைத் துல்லியமாகப் படம்பிடித்தார்கள். அதைத் தாங்கி நிற்கும் புரதம் நல்ல வெயிலில் அரை மணிக்கு ஒரு முறை என்ற வேகத்தில் கெட்டுப்போகிறது. செடி அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்கிறது. எலெக்ட்ரோலைசரைத் தினமும் பிரித்து மாட்ட நம்மால் முடியாது.

கடல்நீரை நேரடியாகப் பிரித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. உப்பிலிருக்கும் குளோரைடும் நேர்மின்வாயில் வினைபுரியும். அமிலத்தில் குளோரின் வாயு வரும், காரத்தில் ஹைப்போகுளோரைட். காரக் கரைசலில் 480 மில்லிவோல்ட் வரை ஆக்சிஜனுக்கே முன்னுரிமை என்பதால் நிக்கல்-இரும்பு அதற்குள் ஓடிவிட முடியும். வேதியியல் ரசமானதுதான். ஆனால் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கே மூன்று, நான்கு யூனிட்தான் ஆகிறது. ஒன்பது லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால், அந்தச் செலவை மிச்சம் பிடிக்க மின்வாயை உப்புக்குள் முக்கி வைப்பது எனக்கு அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை.

10 மில்லிஆம்பியரும் 60,000 மணி நேரமும்

இந்தத் துறையில் கட்டுரைகள் மழை போல வருகின்றன. காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஆக்சிஜன் வினையூக்கிகளில் ஈடுபட்டிருக்கும் இடம்தான். "இரிடியத்தை வென்ற மலிவு வினையூக்கி" என்று செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது?

10 மில்லிஆம்பியர் என்ற அளவுகோல் சூரிய ஒளியில் நேரடியாக ஓடும் சிறு கருவிகளுக்காக வந்தது. பத்து சதவீதத் திறனுள்ள கருவியில் ஏறத்தாழ அவ்வளவு மின்னோட்டம் பாயும். ஆலையில் ஓடும் கார எலெக்ட்ரோலைசரில் அதே பரப்பில் 200 முதல் 400 மில்லிஆம்பியர். கரைசல் 30 சதவீதக் காரம், சூடு 80 டிகிரி. அங்கே வினையூக்கியின் வேதியியலைவிடக் குமிழிகள் பெரிய பிரச்சினையாகின்றன. மேற்பரப்பில் குமிழி உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் எட்டாது. பெரிய குமிழி பிய்த்துக்கொண்டு போகும்போது பூச்சையும் உரித்துக்கொண்டு போகும். பசை போட்டு ஒட்டிய பொடியைவிட, ஃபோமின் மேலேயே வளர்ந்த தகடுகள் அதனால்தான் மேல். கார்பனைத் தாங்கியாக வைத்த மின்வாய்களிடமும் எச்சரிக்கை தேவை. நேர்மின்வாயில் கார்பன் தானே மெல்ல எரிந்து கரையும்.

எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பதையும் பாருங்கள். ஐம்பது மணி, நூறு மணி என்று கட்டுரைகள் சொல்லும். ஆலைக்காரர் எதிர்பார்ப்பது 60,000 மணிக்கு மேல்.

இதைவிட முக்கியமான ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சோதனைகள் இடைவிடாமல் ஓட்டிச் செய்யப்படுகின்றன. சூரிய மின்சாரமோ தினமும் மாலையில் நின்றுவிடும். நின்றதும் எலெக்ட்ரோலைசர் சும்மா இருப்பதில்லை. நேர்மின்வாயில் மேல்நிலைக்கு ஏறியிருந்த நிக்கல், எதிர்மின்வாய்ப் பக்கம் தங்கியிருக்கும் ஹைட்ரஜன் இரண்டும் சேர்ந்து பேட்டரி போல நடந்துகொண்டு, மின்னோட்டத்தை எதிர்த் திசையில் கொஞ்ச நேரம் செலுத்தும். நேர்மின்வாயின் ஆக்சைடு குறைக்கப்படும், மறுநாள் காலை மீண்டும் ஏறும். கறுப்பு பச்சையாகி, பச்சை கறுப்பாகி, ஒவ்வொரு முறையும் அடுக்கு உப்பிச் சுருங்கும். ஒரே சீராக ஆயிரம் மணி நேரம் தாங்கிய பூச்சு சில நூறு முறை நின்று ஓடியதில் உதிர்ந்துவிடலாம். புது வினையூக்கி பற்றிய கட்டுரை கைக்கு வந்தால் மிகை மின்னழுத்தத்தைத் தேடும் முன், நிறுத்தி நிறுத்தி ஓட்டிய வரைபடம் இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.